தேனீக் கணக்கு

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை என்று பலகை மாட்டியிருக்கும் அறை, அதற்கு முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்த அறை. ஏதோ ஒரு அலுவலகத்தில் வேண்டாமென்று கழித்த கம்ப்யூட்டர்களை யாரோ பேசி வாங்கித் தந்தார்கள். பெஞ்சுகள் வராந்தாவுக்குப் போயின. காலையில் அந்தக் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் சாயங்காலம் தூங்கவைப்பதும் என் வேலை. எழுப்புவது என்று சும்மா சொல்லவில்லை. ஒன்றுக்குப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இன்னொன்றுக்கு வயரைச் சாய்த்துப் பிடித்து அடியில் மடித்த அட்டையைச் சொருக வேண்டும். மூலையில் இருப்பதைத் திட்டினால்தான் கிளம்பும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை, அதனால் தினமும் திட்டுவேன்.

ஒரு மெஷினுக்கு மூன்று பிள்ளைகள். மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைதான் ராஜா. மற்ற இரண்டும் யோசனை சொல்லிக்கொண்டே கையைத் தட்டிவிடும். பீரியட் முடிந்ததும் மவுஸையெல்லாம் ஈரத்துணியால் துடைப்பேன். அன்று எந்தப் பிள்ளை என்ன தின்றது என்பதை அந்தத் துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்போது கீழ்வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே இருப்பது எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு டீச்சர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவின் புருஷன் முறைப்படி எனக்கு மாமா ஆக வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, அண்ணன் என்றே பழகிவிட்டது. கடைகளுக்குச் சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். முன்னறைதான் ஆபீஸ். அக்காவின் தம்பி கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர், எல்லாருக்கும் பெயின்டர். சாப்பாடு பெரும்பாலும் அக்கா வீட்டில்தான். இவர்கள் நடுவில் சிட்டு. பத்து வயது. அம்மாவின் வகுப்பிலேயே படிக்கிறாள். வீட்டில் அம்மா, பள்ளியில் மிஸ். வாசலைத் தாண்டியதும் மாற்றிக்கொள்வாள், ஒரு நாளும் தவறியதில்லை.

"வாத்தியார் பிள்ளை மக்கு" என்று பழமொழி சொன்னவன் என் கையில் கிடைத்தால் மவுஸ் வயரால் கட்டிப்போடுவேன். சிட்டு மக்கு இல்லை. அவளிடம் இருந்தது வேறு கோளாறு. கணக்குப் பரீட்சையில் பெயர் எழுதுவாள், தேதி எழுதுவாள், கேள்வியை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். பதில் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. போன வருஷம் நாலாம் வகுப்புக் கணக்கும் அக்காதான் எடுத்தாள். ஒரு நாள் சிட்டு கரும்பலகையில் கழித்தல் போடும்போது தப்பாகிவிட்டது. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "மிஸ் பொண்ணுக்கே தெரியல" என்றது. வகுப்பே சிரித்தது. சொந்தப் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அக்காவும் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு மூடிய கடை. பிறகு திறக்கவே இல்லை.

பெரிய மிஸ், அதாவது எங்கள் தலைமையாசிரியை, நல்லவர். ஆனால் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"வர்ற பரீட்சையிலயும் வெள்ளைப் பேப்பரத்தான் குடுக்கறான்னா, கணக்குக்கு மட்டும் நாலாங்கிளாஸ்ல போய் உக்காரட்டும்மா. தண்டனைன்னு நெனைக்காதே. அஸ்திவாரம்."

அக்கா சரிங்க மிஸ் என்று சொல்லிவிட்டு நேராக என் அறைக்கு வந்து, ஓடாத மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். "நாலாங்கிளாஸ் வாசல்ல போய் நின்னான்னா, அதோட அவ கணக்கையே விட்டுருவாடி" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன்தான் விளையாட்டுப் பேச்சை எடுத்தார்.

"நான் ஒரு விளையாட்டு செஞ்சு தர்றேன். கம்ப்யூட்டர்ல. கழித்தல் கணக்கு."

"அவளுக்குன்னு செஞ்சா கண்டுபிடிச்சிருவா. மருந்தை வாழைப்பழத்துல வெச்சுக் குடுத்தா பழத்தைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்புற ஜாதி அவ" என்றாள் அக்கா.

"அவளுக்குன்னு இல்ல. உன் கிளாஸ் பூராவுக்கும். எல்லாரும் ஆடுவாங்க, அதுல அவளும் ஒருத்தி."

"பெரிய மிஸ் ஒத்துக்கணுமே."

"நீ கேளு."

"கேக்கறேன். உருப்படியா இருக்கணும். என் பேர்ல கொண்டுபோறேன், என் மானத்தை வாங்கிறாதீங்க."

"உன் மானத்துக்கு நான் கேரண்டி" என்றார் பெயின்டர், முட்டையை உரித்துக்கொண்டே.

"நீ இருக்கேங்கிறதுதான்டா எனக்குப் பயமே."

இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். விஷயம் இதுதான். ஒரு ஆறு, அதைக் கடக்க ஒரு பலகைப் பாலம், மூட்டை சுமந்த ஒரு கழுதை. ஆற்றின் அகலம் இத்தனை பலகை, ஏற்கெனவே போட்டது இத்தனை பலகை, இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகள் எண்ணைத் தட்டினால் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து வந்து விழும். குறைந்தால் கழுதை தண்ணீரில் விழும். சரியாக இருந்தால் அக்கரைக்குப் போகும், மணி அடிக்கும்.

சொல்ல எளிது. முதல் வாரம் பூராவும் கழுதை பின்பக்கமாகவே நடந்தது. பெயின்டர் கழுதையின் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகத் தாளில் வரைந்து, வண்ணம் தீட்டி, காயவைத்து, போனில் படம் பிடித்து அண்ணனிடம் கொடுப்பார். மழைக்காலம், எதுவும் காயாது. அடுப்படிக் கொடியில் துணிகளுக்கு நடுவே கழுதைக் கால்களும் வால்களும் கிளிப் போட்டுத் தொங்கின. நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு கால் என் தலையில் தட்டும்.

"அத்தான், பலகை கூடிப்போச்சுன்னா என்ன ஆகும்?" என்று ஒரு நாள் பெயின்டர் கேட்டார்.

அண்ணன் நியாயஸ்தர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாலம் அக்கரையில நீட்டிக்கிட்டு நிக்கும். நீட்டுனா எதையாவது இடிக்கணும். அதானே முறை?" என்றார்.

"அப்ப இடிக்கிறதுக்கு நான் ஆள் ஏற்பாடு பண்றேன்."

பண்ணினார். மூன்று பலகை கூடினால் பால் கேன் கவிழும். ஐந்து கூடினால் நாற்காலியில் தூங்கும் காவல்காரன் குப்புற விழுவான். எட்டு கூடினால் பாலத்தின் முனை மரத்திலிருக்கும் தேன்கூட்டில் குத்தும், தேனீக்கள் கிளம்பிக் காவல்காரனையும் கழுதையையும் திரை முழுக்கத் துரத்தும். தேனீக்களுக்கு மட்டும் பெயின்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்தார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முகம். ஒன்று கொட்டாவி விட்டுக்கொண்டே துரத்தும்.

நான் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். தப்பை அங்கேயே நான் பிடித்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை சரியாகப் போட்டால் மணி அடிக்கிறது. தப்பாகப் போட்டால் தேனீ துரத்துகிறது. உலகத்தில் எந்தப் பிள்ளை மணியைக் கேட்கும்? இது எங்கள் மூன்று பேர் புத்திக்கும் எட்டவில்லை. அக்கா பார்த்தபோது சரியான விடைகளாகவே போட்டுப் பார்த்துவிட்டு, கழுதை அழகாகப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் வேறெப்படிப் பார்ப்பாள்?

வகுப்பில் கொடுத்த முதல் இரண்டு பீரியடும் ஒரே கும்மாளம். மூன்றாவது பீரியடுக்குப் பெரிய மிஸ் பார்க்க வந்தார். வெளியே மழை கொட்டியது, வாசலில் குடைகள் விரித்துக் கிடந்தன. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக நடந்தார். முதல் மெஷினில் தேனீ. இரண்டாவதில் தேனீ. மூன்றாவதில் காவல்காரன் விழுந்துகொண்டிருந்தான், பிள்ளைகள் "சே, அஞ்சு ஆயிடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். நான்காவதில் மறுபடியும் தேனீ. எல்லாத் திரையிலும் சிவப்பு எழுத்தில் 'தவறு' என்று மின்னியது. ஒரு மெஷினில்கூட மணி அடிக்கவில்லை. மூலை மெஷினில் சிட்டு மவுஸைப் பிடித்திருந்தாள், பக்கத்தில் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிப்பதைப் பள்ளிக்கூடத்துக்குள் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்ததால் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பெரிய மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமா இருக்காங்க. அது சரி" என்றார் பெரிய மிஸ், வாசலில் குடையை எடுத்துக்கொண்டே. "ஆனா ஒருத்தருக்கும் கணக்கு வரலியேம்மா. வேற ஏதாவது பாப்போம்."

அன்று சாயங்காலம் கீழ்வீட்டில் டீ கூடப் போடவில்லை. அக்கா அவரைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கின வேகத்தில் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

"அந்தத் தேன்கூட்டை எடுத்துருங்க. காவக்காரன், பால் கேன், ஒண்ணு விடாம எடுங்க. தப்புன்னா தப்புன்னு காட்டுனா போதும்."

"அக்கா, ஒரு ஞாயித்துக்கிழமை பூரா..." என்று ஆரம்பித்தார் பெயின்டர்.

"உன் ஞாயித்துக்கிழமையை வெச்சு நான் என்னடா பண்றது? கிளாஸ் பூரா நின்னு தப்புப் போட்டுச் சிரிக்குது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. பரீட்சைக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல."

அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவ சொல்றது சரிதான்டா. தப்புப் போடுறதுக்கு நாமதான் பரிசு குடுத்திருக்கோம். செஞ்சவன் நான், எனக்குத்தான் புத்தி வேணும். எடுத்துடறேன்."

அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். அப்போதுதான் அறைவாசலில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நின்ற சிட்டு பேசினாள்.

"எடுக்காதீங்கப்பா."

"விளையாட்டு இருக்கும்டா. தேனீ மட்டும் இருக்காது."

"தேனீ இல்லாட்டி என்ன இருக்கு? அது வர்றது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"என்ன கஷ்டம்? தப்பாப் போட்டா வந்துடப் போவுது" என்றாள் அக்கா.

"சும்மா தப்பாப் போட்டா வராது. எட்டு தள்ளிப் போடணும். கரெக்டா எட்டு. ஏழு போட்டாலும் வராது, ஒம்பது போட்டாலும் வராது."

அக்காவின் கத்தி நின்றது.

"எட்டு தள்ளின்னா, எதிலேர்ந்துடி எட்டு?"

"விடையிலேர்ந்து."

பெயின்டர் வாயைத் திறந்தார், அண்ணன் அவர் முழங்காலை அழுத்தினார். அக்கா அவரைக்காயைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, கடைக்குப் போய் வரச் சொல்வதுபோலக் கேட்டாள்.

"ஆறு அறுபத்துமூணு பலகை. போட்டது இருபத்தேழு. தேனீ வரணும்."

சிட்டு கூரையைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. "நாப்பத்திநாலு."

நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். எனக்கு அவளைவிட நேரம் பிடித்தது. முப்பத்தாறு, அதோடு எட்டு. நாற்பத்துநான்கேதான்.

"எம்பத்தொண்ணு பலகை. போட்டது நாப்பத்தாறு. தேனீ."

"நாப்பத்திமூணு."

அக்காவுக்கு அவசரம் வந்துவிட்டது. "அப்ப அதுக்குச் சரியான விடை என்ன?"

அவ்வளவுதான். சிட்டுவின் முகம் மூடிக்கொண்டது. துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு வருஷமாக நாங்கள் பார்த்த அதே முகம். அக்கா எழப்போனாள். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்கா மறுபடி உட்கார்ந்து இன்னொரு அவரைக்காயை எடுத்தாள். நார் உரித்தாள். அந்த நேரத்தில் அவள் பிடித்துக்கொண்ட பொறுமைக்கு, அவள் என்ன கேட்டாலும் நான் கொடுத்திருப்பேன்.

"சரி விடு. அதே ஆறு. காவக்காரன் விழணும்னா?"

"நாப்பது."

"பால் கேன்?"

"முப்பத்தெட்டு."

"பாவம், கழுதைக்குக் கால் வலிக்குதாம். எதையும் இடிக்காம அது பாட்டுக்கு வீட்டுக்குப் போகணும்னா?"

சிட்டு துண்டின் ஓரத்தைக் கடித்தாள்.

"முப்பத்தஞ்சு" என்றாள்.

அக்கா "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயின்டர் சிட்டுவைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, கொட்டாவி விடும் தேனீக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். எனக்கு அந்தக் கழுதையைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

அண்ணன் தேன்கூட்டை எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினார். சிவப்பில் 'தவறு' என்று வந்த இடத்தில், 'எட்டுப் பலகை கூட' என்றோ 'இரண்டு பலகை குறைவு' என்றோ சாதாரணக் கறுப்பில் வரும்படி செய்தார்.

அக்கா பெரிய மிஸ்ஸிடம் இன்னும் ஒரே ஒரு பீரியட் கேட்டு வாங்கினாள். அன்று வகுப்பில் அவள் சொன்னதைக் கேட்டுப் பெரிய மிஸ்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒவ்வொரு ஆத்துலயும் முதல்ல தேனீ வரணும். அப்புறம் காவக்காரன். கடைசியா கழுதை மணி அடிச்சுட்டு வீட்டுக்குப் போகணும். மவுஸ் ஒவ்வொரு ஆத்துக்கும் கை மாறணும். ம், ஆரம்பிங்க."

"தப்பாப் போடச் சொல்லிக் குடுக்கறியாம்மா?"

"நீங்களே ஒண்ணு போட்டுப் பாருங்க மிஸ்."

பெரிய மிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிட்டுவின் மெஷினில் உட்கார்ந்தார். எண்ணைத் தட்டினார். கழுதை ஒயிலாக நடந்து போனது, மணி அடித்தது.

"ஐயோ மிஸ், சரியாப் போட்டுட்டீங்க!" என்று பக்கத்திலிருந்த இரண்டு பிள்ளைகளும் கத்தினார்கள்.

இன்னொன்று போட்டார். அதுவும் மணி. முப்பது வருஷமாகச் சரியாகவே போட்டுப் பழகிய கைக்குத் தப்பு வருவேனா என்றது.

"எட்டு சேக்கணும் மிஸ்" என்றது ஒரு சின்னக் குரல். சிட்டு. வகுப்பில், கணக்கைப் பற்றி, வாயைத் திறந்து. "மொதல்ல விடையைக் கண்டுபிடிச்சுக்கணும். அதைப் போட்றக் கூடாது. கையில வெச்சுக்கிட்டு எட்டு சேக்கணும்."

பெரிய மிஸ் அவள் சொன்னபடி செய்தார். தேனீக்கள் கிளம்பின. அவர் குலுங்கிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். போகும்போது அக்காவின் தோளில் கை வைத்தார். ஆனால் நான் முதலிலேயே சொன்னேனே, சொன்னால் சொன்னதுதான்.

"கணக்குக்கு மேல கணக்கா இருக்கும்மா இது. விளையாடட்டும். ஆனா பேப்பர்ல தேனீ வராது பாரு. அங்க பென்சில் படணும். அதைப் பாத்துட்டுத்தான் நாலாங்கிளாஸ் பேச்சு."

பரீட்சை வந்தது. அன்று என் அறையைப் பூட்டிவிட்டு ஐந்தாம் வகுப்பு வராந்தாவில் எனக்கு வேலை இருப்பதுபோல இரண்டு மூன்று தடவை நடந்தேன். சிட்டு குனிந்திருந்தாள். எழுதுகிறாளா, கேள்வியைத்தான் பார்த்து எழுதுகிறாளா, தெரியவில்லை. அக்கா அந்தப் பக்கமே திரும்பாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பேப்பரை வாங்கி அடுக்கும்போதும் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, மற்றப் பிள்ளைகளின் பேப்பரையெல்லாம் திருத்திவிட்டு இவளுடையதை அடியில் தள்ளித் தள்ளி வைத்தாள்.

நான் காய்ந்த துணிகளைக் கொடுக்கக் கீழே போனபோது அந்த ஒரு பேப்பர்தான் மிச்சம். முன்னறையில் அண்ணனும் பெயின்டரும் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் வேலை ஓடவில்லை.

"நீ பாரேன்டி" என்றாள் அக்கா.

"நான் திருத்தலாமாக்கா? நீங்களே பாருங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

பேப்பரைத் திருப்பினாள். பதில் எழுத வேண்டிய இடமெல்லாம் எழுத்து. பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது, பின்பக்கம் தடவினாலே தெரிந்தது. அக்கா சிவப்புப் பேனாவால் டிக் போட்டாள், டிக் போட்டாள், இன்னொரு டிக் போட்டாள். ஏழாவது கணக்கில் பேனா நின்றது. மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு அந்த விடையின் மேல் பெரிதாக ஒரு இன்ட்டு மார்க் போட்டாள். போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

"என்னக்கா, ஒண்ணே ஒண்ணுதானே தப்பு?"

"உனக்குத் தெரியாதுடி. ஒரு வருஷமா இவ பேப்பர்ல நான் ஒரு இன்ட்டு போட்டதில்ல. போட இடமே குடுக்கல இவ." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். "ஏங்க! இங்க வாங்க! உங்க பொண்ணு தப்புப் போட்டிருக்கா!"

அண்ணன் செருப்பு தடுக்க ஓடி வந்தார். பின்னாலேயே பெயின்டர். என்ன இத்தனை கூட்டம் என்று சிட்டுவும் வந்து, எங்கள் கைகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் பார்த்தாள். அந்த இன்ட்டு மார்க்கை அவள் பார்த்தபோது நாங்கள் நான்கு பேரும் அவள் முகத்தைப் பார்த்தோம்.

"அட, கடன் வாங்க மறந்துட்டேன்" என்றாள். "தள்ளுங்கம்மா" என்று அம்மா கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் போட ஆரம்பித்தாள்.